ஆச்சி வீட்டு மணியும் என் கீரைப் பாத்தியும்



வீட்டுத் தோட்டம் பற்றி இந்தப் பகுதியில் எத்தனையோ தோழியர் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் படித்து நானும் பயன் அடைந்திருக்கிறேன். நல்ல பலன் கண்டதை எழுதுவது சுலபம். ஆனால் நான் எழுத வந்திருப்பது, நத்தையை ஒழிக்கப் போய் நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றி. வேறு யாரும் இதே தப்பைச் செய்துவிடக் கூடாதே என்றுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்குத் தென்காசி பக்கம். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் ஊரிலும் சாரல்தான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். அது முடிந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். வருஷத்தில் பாதி நாள் மண்ணில் ஈரம் காயாது. வெளியூர்க்காரர்கள், "கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்" என்பார்கள். நத்தைகளும் அப்படித்தான் நினைக்கின்றன போலிருக்கிறது!

வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் இருக்கிறது. அதில் அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை, வெண்டை, கத்தரி, தக்காளி, நாலு கொடி அவரை, ஓரமாகக் கொஞ்சம் செண்டுப்பூ போட்டிருக்கிறேன். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அவருக்குத் தினமும் ஒரு கீரை வேண்டும். கீரைக்காரம்மாவை நம்பாமல் என் கையாலேயே பறித்துச் சமைப்பதில் எனக்கு ஒரு பெருமை. 'பெருமை' என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் என் கண்ணை மறைத்தது.

யார் தின்றது?

2023 ஜூன் மாதம். விதைத்த எட்டாம் நாள் சிறுகீரை பச்சைப் பாய் விரித்தது போல் முளைத்திருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிப் பாத்தி மொட்டை! வெண்டைக் கன்றுகள் தண்டோடு அறுபட்டுக் கிடந்தன. முதலில் அணில் என்று நினைத்தேன். பிறகு வெட்டுக்கிளி என்று நினைத்தேன். கம்பளிப்புழுவாக இருக்குமோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புழு தின்றால் இலையில் சின்னச் சின்ன மிளகு போல அதன் எச்சம் இருக்கும். அது இல்லை. ஆனால் இலை மேலும், மண் மேலும், செங்கல் மேலும் யாரோ பசையைத் தடவிக் காய வைத்தது போல் வெள்ளி ஜரிகைக் கோடுகள்!

இதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்தால், அந்த ஜரிகைக் கோடே திருடனைக் காட்டிக்கொடுத்துவிடும். அது நத்தை போகும்போது விடும் வழவழப்பு.

எங்கள் தோட்டத்தில் இருந்தது ஓடு உள்ள நத்தை அல்ல. ஓடு இல்லாத நத்தை. கறுப்பாக, தட்டையாக, பழைய செருப்பு வாரை அறுத்துப் போட்டது போல் இருக்கும். நடு முதுகில் வெளிறிய ஒரு கோடு ஓடும். பகல் முழுக்கப் பூந்தொட்டிக்கு அடியிலும், செங்கல் இடுக்கிலும், மக்கிய தேங்காய் மட்டைக்குள்ளும் சுருண்டு கிடக்கும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து ஊர்வலம் கிளம்பும். அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஓடு இல்லாததால் வெயில் பட்டால் காய்ந்துவிடும். அதனால்தான் ஈரமும் இருட்டும் அதற்கு உயிர்.

கேட்டதையெல்லாம் செய்தேன்

ஒருத்தர் உப்புப் போடச் சொன்னார். பாத்தியைச் சுற்றிக் கல்லுப்பைத் தூவினேன். சில நத்தைகள் செத்தது உண்மை. ஆனால் அன்று இரவே சாரல் பெய்து உப்பெல்லாம் கரைந்து மண்ணில் இறங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த கீரையெல்லாம் கருகிப்போனது. அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக விதை முளைக்கப் பல மாதம் ஆனது. நத்தை மேல் உப்புப் போடலாம். மண்ணில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இன்னொருத்தர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொன்னார். பக்கத்து ஓட்டலில் கேட்டு வாங்கி வந்து போட்டேன். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த ஓட்டின் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது! அதன் வழவழப்பே அதற்குச் செருப்பு. பிற்பாடு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளைக்கல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை எல்லாவற்றையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்து, போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று 2018-ல் அறிவித்தார்களாம்.

சாம்பல் தூவினேன். காய்ந்திருக்கும் வரை நன்றாகத் தடுத்தது. நனைந்தவுடன் அவ்வளவுதான்! சாரல் நாளில் சாம்பலை நம்ப முடியாது.

வடிகட்டிய காபித்தூளையும் விடவில்லை. ஹவாய்த் தீவில் விஞ்ஞானிகள் 1 முதல் 2 சதவீதம் காஃபின் கலந்த தண்ணீரைத் தெளித்து நத்தைகளைக் கொன்றார்கள் என்று 2002-ல் செய்தி வந்ததே, அது உண்மைதான். ஆனால் நாம் டிகாஷன் இறக்கிய பிறகு மிஞ்சும் தூளில் அத்தனை காஃபின் எங்கே இருக்கும்? அது உரக்குழிக்குத்தான் லாயக்கு.

இப்படி மூன்று வாரம் போனது. மாமியாருக்குக் கீரை கடையில்தான் வாங்கினேன். "உன் தோட்டக் கீரை எங்கம்மா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டதுகூட எனக்குக் குத்திக் காட்டுவது போல் இருந்தது. நேரே உரக்கடைக்குப் போனேன்.

அந்தப் பொட்டலம்

"நத்தைக்கா? இதை வைங்கம்மா, ஒரே ராத்திரியில சுத்தமாயிடும்" என்று கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே சின்னச் சின்னக் குச்சி போன்ற உருண்டைகள். தவிட்டு வாசனை. மெட்டால்டிஹைடு 2.5 சதவீதம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்னவெல்லாமோ இருந்தது. நான் கண்ணாடி போட்டுப் படிக்கவில்லை. என் மகனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவும் இல்லை. அதில் 'குவித்து வைக்காதே, பரவலாகத் தூவு, வீட்டு விலங்குகளை அண்ட விடாதே' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு சிரட்டையில் அதைக் குவித்துக் கீரைப் பாத்தியின் நாலு மூலையிலும் வைத்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். எழுபத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் வெளியூரில். ஆச்சிக்குத் துணை என்று இருந்தது மணி ஒன்றுதான். நாட்டு நாய். எட்டு வருஷமாக ஆச்சி வீட்டு வாசலில்தான் படுக்கும். இரவில் யார் தெருவில் நடந்தாலும் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஓயும். எங்களுக்கும் ஆச்சிக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு மண் சுவர். அதில் மழைத் தண்ணீர் போக ஒரு ஓட்டை உண்டு. மணி அதன் வழியாக நினைத்தபோது வரும், போகும். அது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்கு நினைப்பில் வரவில்லை. நினைப்பெல்லாம் நத்தைதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆச்சி சத்தம் போட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், மணி வாயில் எச்சில் வழிய, மூச்சு இரைக்க, உடம்பெல்லாம் உதறிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வலிப்பு மாதிரி வெட்டியது. என் கணவர் ஆட்டோ பிடித்து, ஆச்சியையும் மணியையும் கால்நடை டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போனார். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே, "நத்தை மருந்து ஏதாவது தின்னுச்சா?" என்று கேட்டாராம். ஆச்சி, "எங்க வீட்டுல அதெல்லாம் ஏதுய்யா?" என்றாராம். பதினொரு மணிக்கு மணி போய்விட்டது.

என் கணவர் வீட்டுக்கு வந்து டாக்டர் கேட்டதைச் சொன்னார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். நாலு சிரட்டையில் இரண்டு காலி.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆச்சிக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். விடிகாலையில் என் கணவர், "சொல்லிடுறதுதான் நல்லது. நானும் வரட்டுமா?" என்றார். "வேண்டாம், வச்சது நான்தானே" என்று தனியாகத்தான் போனேன்.

சொன்னேன். ஆச்சி என் முகத்தையே பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வேணும்னா வச்ச?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. "மிச்சத்தை எடுத்து வை தாயி. பிள்ளைங்க நடமாடுற இடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு உருண்டையாகப் பொறுக்கி எடுத்தேன். மிச்சத்தை வாய்க்காலிலோ குப்பையிலோ கொட்டாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். இதில் இன்னொரு கொடுமை. பாத்தியில் செத்தது போல் கிடந்த நத்தைகளில் சில, காலைச் சாரல் பட்டதும் மெல்ல நகரத் தொடங்கின. இந்த மருந்து நத்தையின் உடம்பு நீரை வழிய விட்டுக் காய வைத்துத்தான் கொல்லுமாம். ஈரம் கிடைத்தால் சில பிழைத்துக்கொள்ளுமாம். நத்தை பிழைத்தது, மணி பிழைக்கவில்லை.

தம்பி மகள் சொன்னது

என் தம்பி மகள் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படிக்கிறாள். விஷயம் கேட்டு போன் செய்தாள். "அத்தை, அந்த மருந்துக்குத் தனியா மாற்று மருந்தே கிடையாது. தவிடு மாதிரி ருசிக்காக எதையாவது கலக்கிறதால நாயும் பூனையும் தேடி வந்து திங்கும். பிரிட்டன்ல 2022 மார்ச்சோட தோட்டத்துல அதைப் போடவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. பறவைக்கும் முள்ளெலிக்கும் ஆபத்துன்னுதான்" என்றாள்.

அவள் சொன்ன இன்னொரு விஷயத்தையும் குழந்தைகள் உள்ள வீட்டினர் கவனிக்க வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழு உண்டு. எலிப் புழுக்கை வழியாக அதன் குஞ்சுகள் நத்தைக்குள் போகும். அந்த நத்தையோ அதன் துண்டோ தெரியாமல் நம் வயிற்றுக்குள் போனால், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வீக்கம் வரலாம். கேரளத்தில் குழந்தைகளுக்கு இப்படி வந்திருக்கிறது. ஆகவே நத்தையை வெறும் கையால் தொடக் கூடாது. குழந்தைகள் அதை எடுத்து விளையாட விடக் கூடாது. தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நன்றாக வேக வைத்த கீரையால் பயமில்லை. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, கேரட், வெள்ளரி இவற்றைத்தான் ஓடுகிற தண்ணீரில், இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும்.

ஓடு உள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தை உங்கள் ஊரில் இருந்தால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். அதை 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் ஆசைக்குக் கொண்டு வந்தாராம். தோட்டத்தில் விட்டது இன்று நாடு பூராவும் பரவியிருக்கிறது. ஒரு தடவைக்கு நூறிலிருந்து நானூறு முட்டை வரை இடும். இந்த வகை நத்தையில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே உடம்பில் இரண்டும் உண்டு. அதனால் இதில் எல்லா நத்தையும் முட்டை இடும்!

"சாக்கு இருக்கா?"

மணி போன பிறகு இரண்டு வாரம் ஆச்சி சுவர்ப் பக்கமே வரவில்லை. நானும் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. இருந்த கீரையையும் நத்தை தின்று தீர்த்தது. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் அசைந்தது. போய்ப் பார்த்தால், ஆச்சி தன் பூசணிக் கொடியில் குனிந்து இடுக்கியால் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, உன் பாத்தியில இருந்துதான் எல்லாம் இங்க வருது. நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டா எப்படி? சாக்கு இருக்கா?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஓடிப் போய்ச் சாக்கும் டார்ச்சும் எடுத்து வந்தேன். அன்று முதல் இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பொறுக்கினோம். ஆச்சி சொல்லிக் கொடுத்ததும், தம்பி மகள் சொன்னதும், நானே அடிபட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்த்துக் கீழே தருகிறேன். ஒரு ரூபாய் செலவில்லை. கொஞ்சம் பொறுமைதான் வேண்டும்.

1. இரவில் பொறுக்குங்கள்: எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் டார்ச், ஒரு பழைய இடுக்கி, ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ உப்புக் கரைத்து, அதில் நத்தையைப் போட்டுவிடுங்கள். அந்த உப்புத் தண்ணீரைச் செடிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். செத்ததைத் தள்ளிக் குழி வெட்டிப் புதைத்துவிடலாம். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதினேன். முதல் நாள் 63. மறுநாள் 48. பத்தாம் நாள் 19. ஒரு மாதத்தில் ஏழு, எட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் பொறுக்கிவிட்டு, 'குறையவே இல்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

2. சாக்குப் பொறி: கோணிச் சாக்கை நன்றாக நனைத்து, சாயங்காலம் பாத்தி ஓரம் விரித்து வையுங்கள். அதற்கு அடியில் முட்டைக்கோஸின் மேல் இலை, பப்பாளி இலை, பூசணித் தோல் எதையாவது போடுங்கள். இரவெல்லாம் தின்ற நத்தை, விடிந்ததும் ஒளிந்துகொள்ள அதற்கு அடியில்தான் வரும். காலையில் சாக்கைத் திருப்பினால் மொத்தமாக மாட்டும். இரவில் கண் தெரியாதவர்களுக்கு இதுதான் சிறந்த வழி. ஆனால் காலையில் மறக்காமல் திருப்ப வேண்டும். மறந்தால் நாமே நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும்!

3. புளித்த மாவு: நத்தைக்கு ஈஸ்ட் புளிப்பு வாசனை ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டில் இதற்காகத்தான் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைக்கிறார்களாம். நமக்கு அது எதற்கு? மிஞ்சிப் புளித்துப்போன இட்லி மாவைத் தண்ணீராகக் கரைத்து, சிரட்டையில் பாதி ஊற்றி மண்ணில் புதைத்து வைக்கிறேன். சிரட்டையின் விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு விரல் நிற்கட்டும். இல்லாவிட்டால் நல்லது செய்யும் வண்டுகளும் விழுந்துவிடும். சில நாள் பத்து விழும், சில நாள் இரண்டுதான் விழும். இதை மட்டும் நம்ப முடியாது. கைக்கு உதவி, அவ்வளவே.

4. காலையில் தண்ணீர் விடுங்கள்: நான் சாயங்காலம்தான் ஊற்றுவேன். நத்தைக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. காலையில் ஊற்றினால் இரவுக்குள் மேல் மண் காய்ந்துவிடும். நத்தை நகரச் சிரமப்படும். சாரல் இல்லாத நாட்களில் இது ஒன்றே நல்ல பலன் தருகிறது.

5. ஒளிவிடத்தைக் கலையுங்கள்: தேவையில்லாத செங்கல், உடைந்த தொட்டி, மட்டைக் குவியல், பலகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தொட்டிகளை வாரம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று இருந்தால் அதுதான் முட்டை. அள்ளி வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இளங்கன்றை ஒட்டி மூடாக்குப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

6. நாற்றை மேலே வளருங்கள்: நத்தைக்கு இரண்டு இலை விட்ட பிஞ்சு நாற்றுதான் பிடித்த பலகாரம். வளர்ந்த செடியில் நாலு ஓட்டை போட்டாலும் செடி தாங்கும். ஆகவே கத்தரி, வெண்டை, தக்காளி நாற்றுகளை ஒரு ஸ்டூல் மேல் வைத்து வளர்க்கிறேன். எறும்பு ஏறாமல் இருக்கப் பலகார டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே போல் ஸ்டூல் கால் நான்கையும் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். தண்ணீரை வாரம் இரு முறை மாற்றுங்கள், கொசு வராது. ஐந்தாறு இலை விட்ட பிறகு தரையில் நடுங்கள்.

7. நண்பர்களை விரட்டாதீர்கள்: தேரையைக் கண்டால் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டுவேன். அது நத்தை தின்னும் என்று ஆச்சி சொன்ன பிறகு, நிழலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன். செம்போத்து என்கிற செண்பகப் பறவைக்கும் நத்தை நல்ல தீனி. மின்மினிப் பூச்சி இருக்கிறதே, அதன் புழுக்கள் நத்தையைக் கடித்துத் தின்னும். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் போவது இவைகள்தான். எங்கள் வேலியில் இந்த வருஷம் மின்மினி பார்த்தேன். பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

புகையிலைக் கஷாயம், மயில்துத்தம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் விஷம்தான். பறித்து மறுநாள் சமைக்கிற கீரையில் அதெல்லாம் வேண்டாம்.

மருந்து வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை யாருக்காவது வந்தால், முதலில் பொட்டலத்தில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் நாய், பூனை, கோழி, தவழும் குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு பாஸ்பேட் கலந்த நத்தை மருந்து கிடைத்தால், அது மற்றதைவிட ஆபத்து குறைந்தது. அதையும் குவித்து வைக்காதீர்கள். எந்த வாயில்லா ஜீவனாவது மருந்தைத் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீரைப் புகட்டி வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் அவர் நேரத்தை வீணாக்காமல் பார்ப்பார். அன்றைக்கு டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் அங்கே இல்லாமல் போனேன்.

இப்போது எங்கள் தோட்டத்தில் நத்தையே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. அது தின்றது போக எங்களுக்கும் ஆச்சிக்கும் மிஞ்சுகிறது. வாரம் மூன்று நாள் ஆச்சிக்கு ஒரு கட்டுக் கீரை சுவருக்கு மேலே கை மாறுகிறது. பூசணியும் பிஞ்சு வெள்ளரியும் அங்கிருந்து வருகின்றன. "இன்னொரு குட்டி கொண்டு வரட்டுமா ஆச்சி?" என்று இரண்டு முறை கேட்டேன். "இனி எனக்கு ஒண்ணை வளர்த்து விட்டுட்டுப் போக வயசில்லை தாயி" என்று சொல்லிவிட்டார்.

அதனால் நத்தை பொறுக்கி முடித்து, கையைக் கழுவியதும் நான் நேராக ஆச்சி வீட்டு வாசலுக்குப் போவேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டாயிற்றா, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். எட்டு வருஷம் மணி பார்த்த வேலை அது. மழை பெய்தாலும் விடுவதில்லை.

- ஒரு வாசகி, தென்காசி.